எங்கள் தெரு போஸ்டாபீஸ்

மூடிக் கிடந்த கல்யாண மண்டபத்துச் சுவரில் பெயின்டர் ஏணியைச் சாத்தியதுமே தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. காட்டுப்பாக்கத்தில் எங்கள் தெரு அப்படி. ஒரு வீட்டில் குக்கர் விசில் கூடுதலாகக் கேட்டால், எதிர்வீட்டில் “யார் வந்திருக்காங்க?” என்று விசாரிப்பார்கள். நான் பள்ளிக்கூடம் முடிந்து ஸ்கூட்டியில் திரும்பியபோது சுவருக்கு வெள்ளை அடித்து, அதன்மேல் நீல நிறத்தில், பஸ் ஸ்டாப்பிலிருந்தே படிக்கிற அளவுக்குப் பெரிதாக ‘அஞசல’ என்று எழுதியிருந்தது. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பெயின்டர் டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

நான் தமிழ் டீச்சர். தெருவே ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது சும்மா போக முடியுமா? குடையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று விளக்கம் கொடுத்தேன். சுவரில் எழுதுகிறவர்கள் முதலில் எழுத்தின் உடம்பை எழுதிவிடுவார்கள், புள்ளியும் கொம்பும் கடைசியில்தான் வைப்பார்கள் என்றேன். ஞ மேலே ஒரு புள்ளி, ல மேலே ஒரு புள்ளி. அஞ்சல். அஞ்சல் என்றால் தபால். அப்படியென்றால் இங்கே போஸ்டாபீஸ் வருகிறது.

சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஆதாரில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால்கூட எங்கள் தெருக்காரர்கள் பூந்தமல்லிக்கு பஸ் ஏற வேண்டும். தெருவிலேயே போஸ்டாபீஸ் என்றால் சும்மாவா? கடைசி வீட்டு அம்மாள் எனக்குக் கை கொடுத்தார். நானே மத்திய அரசிடம் பேசி வாங்கி வந்ததுபோல ஆகிவிட்டது. எங்கள் ஹவுஸ் ஓனர் வாசலில் நிறுத்தி, “டீச்சர் சொன்னா கரெக்டா இருக்கும்” என்று காபி கொடுத்தார். போஸ்டாபீஸ் வந்தால் மனை விலை ஏறும் என்று அவருக்கு முகமெல்லாம் பல்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பெயின்டர் மறுபடி ஏணி ஏறியபோது கீழே பாதித் தெரு டீ டம்ளரோடு நின்றது. அவர் நிதானமாக ஞ-வுக்குப் புள்ளி வைத்தார். நான் திரும்பி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தேன். அடுத்தது ல. அதற்கும் புள்ளி வைப்பார் என்று பார்த்தால், தூரிகையைச் சுழற்றி அழகாக ஒரு கொக்கி போட்டார். அஞ்சலி. பிறகு பக்கத்தில் ‘க் கூடம்’ என்றும், கீழே சின்ன எழுத்தில், இறந்தவர் உடலை வைத்து உறவினர்கள் மரியாதை செய்யும் இடம் என்றும் எழுதினார்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. அல்லது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் பார்த்தது ஹவுஸ் ஓனரை. காபியைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்று இருந்தது அவர் முகம்.

அந்தக் கூட்டத்தில் சந்தோஷப்பட்டது ஒரே ஒரு ஆள். என் அம்மா. கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, என் கையைப் பிடித்து அழுத்தினாள். “இன்னாடி, மெய்யாவா?” என்று கேட்டாள். குரல் நடுங்கியது. அழுகையென்று நினைத்துத் திரும்பினால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தே என்னைப் படிக்க வைத்தவள். அப்பா நான் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டார். எனக்கு அண்ணன் தம்பி கிடையாது, கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. நாங்கள் இரண்டு பேரும் வாடகை வீடு வாடகை வீடாக அம்பத்தூர், ஆவடி, திருவேற்காடு என்று சுற்றி, கடைசியில் காட்டுப்பாக்கத்தில் ஒரு மாடி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அம்மா ஒவ்வொரு வீடு மாறும்போதும் முதல் வேலையாக ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் மாற்றிவிடுவாள். மிச்சமெல்லாம் அப்புறம்தான். பால் எங்கே வாங்குவது என்பதுகூட.

இந்த வீட்டுக்கு வந்த அன்று ஹவுஸ் ஓனர் ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். தண்ணீர் நேரம், மோட்டார் ஸ்விட்ச், மாடியில் துணி காயப்போடும் இடம் எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார். “நல்ல காரியம்னா தாராளமா செய்ங்க டீச்சர். கெட்டதுன்னா மட்டும் ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா அங்க கொண்டு போயிடணும். வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது. புதுசா கட்டின வீடு, பாருங்க.” நான் தலையாட்டினேன். வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் எதற்குத்தான் தலையாட்ட மாட்டார்கள்? படி ஏறும்போது அம்மா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். “கெட்டதுன்னு என்னியத்தானே சொன்னாரு?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அந்த வீட்டில் காற்று வரும், பள்ளிக்கூடம் பக்கம். விட்டுவிட்டோம்.

அடுத்த தெருவில் ஒரு ஆட்டோக்காரர் இறந்தபோதுதான் அது அம்மாவுக்குள் ஊறிக்கொண்டே இருந்தது தெரிந்தது. அவரும் வாடகைக்கு இருந்தவர்தான். ஆம்புலன்ஸ் வந்து நின்றபோது அந்த ஹவுஸ் ஓனர் கேட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். ரோட்டோரமாக ஷாமியானா போட்டு, பெஞ்சில் ஐஸ் பெட்டியை வைத்து, எதிர்க்கடையிலிருந்து கரண்ட் இழுத்தார்கள். அம்மா ஆட்டோக்காரரின் மனைவியோடு உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் ஒரு கார் வந்தது. போக வழியில்லாமல் ஹார்ன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சொந்தக்காரர்கள் எழுந்து, வயரைப் பிடுங்கிவிட்டு, பெட்டியோடு ஆளைத் தூக்கி நகர்த்தி வைத்தார்கள். கார் போனது. மறுபடி வயரை மாட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து தலை முழுகிய அம்மா சாப்பிட உட்காரவில்லை. “ஏண்டி, என்னியும் ரோட்லதான் வெப்பியா?” என்றாள். “ஹார்ன் அடிப்பானுங்கடி.”

இப்போது எதற்கம்மா அந்தப் பேச்சு என்று அதட்டினேன். வேறு என்ன சொல்வது? எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவது பெரும்பாலும் அப்படித்தான். அன்றிலிருந்து அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கடைசியாகக் கிடக்கும் அந்தச் சில மணி நேரம் தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சிரித்தாள்.

மண்டபத்தை வாங்கியிருந்தவர் பூந்தமல்லியில் ஷாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடும் பாய். வண்டி நிறுத்த இடமில்லாததால் கல்யாணங்கள் வராமல் மூடிய மண்டபம் அது. அந்த ஆட்டோக்காரருக்கு ஷாமியானா போட்டதும் அவர்தானாம். இந்தப் பக்கம் வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பாதிப் பந்தல் ரோட்டில்தான் போட வேண்டியிருக்கிறது, பார்க்கப் பொறுக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னார். அனுமதி வருவதற்கு முன்பே ஏன் பெயரை எழுதினீர்கள் என்று நான் கேட்டதற்கு, நல்ல பெயின்டர் அன்றைக்குத்தான் கிடைத்தார் என்றார். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்துப் போனது.

தெருவில் தீ பற்றிக்கொண்டது. வாட்ஸாப் குழுவின் பெயரே ‘குடியிருப்பைக் காப்போம்’ என்று மாறியது. குழந்தைகள் பயப்படும், மனை விலை விழும், பெண் பார்க்க வருகிறவர்கள் திரும்பிப் போவார்கள் என்று ஆளாளுக்கு எழுதினார்கள். முன்னால் நின்றது எங்கள் ஹவுஸ் ஓனர். அவர் ஒன்றும் கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரை வாங்கிக் கொடுத்தவர். ரிட்டயர்மென்ட்டில் வந்ததையெல்லாம் போட்டு வீடு கட்டியிருந்தார், அந்தப் பயம். ஊராட்சியில் விசாரித்தபோது, நிலப் பயன்பாட்டை மாற்றும் முடிவு மேலே எடுப்பது, ஊர் என்ன சொல்கிறது என்று கிராம சபையில் கேட்டுத் தீர்மானம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். வருகிற சுதந்திர தினத்தன்று கிராம சபை.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து பரபரப்பு. அம்மா காலையில் எழுந்ததும் அதைத்தான் பேசுவாள், இட்லி ஊற்றிக்கொண்டே பேசுவாள். ஆனால் ஒரு சிக்கல். ஹவுஸ் ஓனர் முன்னால் உட்கார்ந்து அவருக்கு எதிராகக் கை தூக்கினால் வீட்டைக் காலி செய்யச் சொல்லமாட்டார் என்று என்ன நிச்சயம்? அம்மாவின் வயதில் இன்னொரு தடவை பாத்திரம் பண்டம் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. இதுபோக, கீழ் வீட்டில் ஓனரம்மாவின் அம்மா படுத்த படுக்கையாக இருந்தார். மகன்கள் வெளியூரில். மகள் வீட்டோடு வந்துவிட்டவர். அம்மா தினமும் சாயங்காலம் இறங்கிப்போய் அவருக்குத் தலை வாரிவிட்டுக் கதை பேசிவிட்டு வருவாள். பகையாகிவிட்டால் அதுவும் போகும்.

“நீ தூக்காதே, நான் தூக்கறேன்” என்றேன் நான். “ரெண்டு பேரும் ஒரே ஊட்லதானேடி கீறோம்” என்றாள் அம்மா. அதுவும் சரிதான்.

கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் எல்லாரும் ஷாமியானாவுக்குக் கீழே வந்து உட்கார்ந்தார்கள். பந்தலும் நாற்காலிகளும் பாயுடையவை. அவரை எதிர்க்க வந்தவர்கள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய ஃபேனில் காற்று வாங்கினார்கள். நான் இதை அம்மாவின் காதில் சொன்னேன், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முன்வரிசையில் சொந்த வீட்டுக்காரர்கள், ஹவுஸ் ஓனரும் ஓனரம்மாவும் அங்கேதான். பின்னால் வாடகைக்காரர்கள் நிறைய வந்திருந்தோம். நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி பொறுமையாக விளக்கினார். சுடுகாடு, இடுகாடு என்றால் வீடுகளிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கல்யாண மண்டபம், சமுதாயக் கூடம் என்றால் அதற்கு வேறு விதி. இங்கே எரிப்பதும் இல்லை, புதைப்பதும் இல்லை, வைப்பது மட்டும். இதை எதில் சேர்ப்பது என்பதை மேலே முடிவு செய்வார்கள், உங்கள் கருத்தைச் சொல்லுங்கள் என்றார்.

ஹவுஸ் ஓனர் எழுந்தார். பிணம் வருகிற இடமெல்லாம் சுடுகாடுதான், குடியிருப்புப் பகுதியில் அதற்கு இடமில்லை, எழுதிக்கொள்ளுங்கள் என்றார். கைதட்டல். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. எழுந்துவிட்டேன். “பிணம் வர்ற இடமெல்லாம் சுடுகாடுன்னா, இந்தத் தெருவுல எந்த வீடு சார் சுடுகாடு இல்ல?” என்று கேட்டேன். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது. முன்வரிசையில் ஒருவர் திரும்பி, வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதில் என்ன பேச்சு, இன்றைக்கு இங்கே நாளைக்கு வேறெங்கோ என்றார். நான் அதிகாரியைப் பார்த்தேன். இந்த ஊராட்சியில் ஓட்டு உள்ள எல்லாருக்கும் கை தூக்கும் உரிமை உண்டு, சொந்த வீடா வாடகையா என்று சட்டம் கேட்பதில்லை என்று அவர் சொன்னார். அம்மா ரவிக்கைக்குள்ளிருந்து வாக்காளர் அட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ஊராட்சித் தலைவர் எழுந்து, கூடம் வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

ஒரு கைகூட எழவில்லை. பின்னால் அத்தனை பேர் இருந்தோம், அத்தனை பேருக்கும் முன்னால் அவரவர் ஹவுஸ் ஓனர் உட்கார்ந்திருந்தார். சிலர் திரும்பிப் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். அஞ்சல் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் இன்னொரு பொருள் உண்டு. பயப்படாதே என்று அர்த்தம். நான் வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடத்துவதுதான். அது அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. வந்து என்ன, சுடச்சுடப் பேசிய என் கை நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.

அம்மா எழுந்து நின்றாள். கையைத் தூக்கினாள், அட்டையோடு.

“இருக்கறதுதான் நைனா வாடகைக்கு கீறேன்” என்றாள் தலைவரைப் பார்த்து. சத்தமாகப் பேசவில்லை. “சாவறது என் சொந்த சாவுதானே. அத்த ரோட்ல வெச்சிக்கினு இருக்க முடியாது. எனக்கு அந்தக் கூடம் வோணும்.”

பிறகு நான் தூக்கினேன். எங்களுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரரின் மனைவி தூக்கினாள். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் ஒரு கை எழுந்தது. கண்ணாடி வளையலோடு ஒரு கை. ஓனரம்மா.

ஹவுஸ் ஓனர் அவரையே பார்த்தார். கையை இறக்கு என்று வாய்க்குள் சொன்னது பின்னால் இருந்தே தெரிந்தது. ஓனரம்மா அவர் பக்கம் திரும்பவில்லை.

“எங்கம்மா மருமகன் வீட்டுல கிடக்கறாங்க. மாடி வீட்டுக்காரங்ககிட்ட சொன்னதைத்தான் எனக்கும் சொல்லியிருக்காரு. இங்கேர்ந்து எடுக்கக் கூடாது, உன் அண்ணன் வீட்டுக்குக் கொண்டு போயிடுன்னு” என்றார். “அண்ணன் வாடகை வீட்டுல இருக்கான். அவன் ஓனர் என்ன சொல்லியிருப்பாருன்னு எனக்குத் தெரியும்.”

அதற்கப்புறம் நான் எண்ணவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தபோது பந்தலுக்குக் கீழே ஒரே கைகளாக இருந்தன. சொந்த வீட்டுக்காரர்களிலும் சில பெண்கள் தூக்கியிருந்தார்கள். மகள் வீட்டில் இருக்கும் அம்மாக்கள் அவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும். எனக்குக் கை கால் பரபரத்தது, விசிலடிக்கத் தெரிந்திருந்தால் அடித்திருப்பேன். டீச்சர் என்பதால் கைதட்டினேன். பாய் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. கீழே கதவு சாத்தியிருந்தது. அம்மா சாயங்காலம் இறங்கிப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அட்டைப் பெட்டிகளைப் பரணிலிருந்து இறக்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது படியில் காலடி கேட்டது. ஹவுஸ் ஓனர். கதவுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே வாருங்கள் என்றதற்குத் தலையை ஆட்டிவிட்டு, செருப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அம்மாவைக் கீழ வரச் சொல்லுங்க டீச்சர். அத்தை தலை வாரிக்க மாட்டேங்கறாங்க. ரெண்டு நாளா உங்க அம்மாவைத்தான் கேட்டுக்கிட்டு இருக்காங்க.”

அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனாள்.

மேலிருந்து அனுமதி வரக் கொஞ்ச காலம் ஆனது. சமுதாயக் கூடம் என்ற வகையிலேயே சேர்த்து, வண்டி நிறுத்த வழி, சுற்றுச்சுவர், சங்கும் மேளமும் உள்ளேயே, வெடி கூடாது என்று நிபந்தனைகளோடு கொடுத்தார்கள். பாய் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார். திறப்பதற்கு முன்னாலேயே அம்மா போய்ப் பார்த்தாள். பெண் வீட்டார் மண்டபம் பார்ப்பதுபோலக் குழாயைத் திறந்து பார்த்து, ஃபேனைப் போட்டுப் பார்த்து, மேடை உயரம் அதிகமாக இருக்கிறது, கிழவிகள் எட்டி முகத்தைப் பார்க்க முடியாது என்று சொல்லி, ஒரு படி கட்ட வைத்தாள்.

பெயர் மட்டும் மாறவேயில்லை. சுவரில் அஞ்சலிக் கூடம் என்று எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தாலும் தெருவில் எல்லாருக்கும் அது போஸ்டாபீஸ்தான். என் புண்ணியம். ஷேர் ஆட்டோக்காரர்கூட ‘போஸ்டாபீஸ் ஸ்டாப்பா’ என்றுதான் கேட்கிறார். புதிதாக வந்தவர்கள் தபால் தலை வாங்க வந்து திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். நம்பிக் கேட்கிறவர்களுக்கு நான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஓனரம்மாவின் அம்மா தை மாதத்தில் இறந்துபோனார். அவரைப் போஸ்டாபீஸில்தான் வைத்தார்கள். மகன்கள் வந்தார்கள், யார் வீட்டிலிருந்து எடுப்பது என்ற பேச்சே எழவில்லை. ஹவுஸ் ஓனர் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார். அம்மா காலையில் போனவள், தலைமாட்டில் உட்கார்ந்து, கடைசியாக ஒருமுறை அவருக்குத் தலை வாரிவிட்டு, எடுக்கும் வரை அங்கேயே இருந்தாள்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியபோது அம்மா குளித்துவிட்டு ஈரத் தலையோடு சாப்பிட உட்கார்ந்திருந்தாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே, எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“நல்லா கீதுடி” என்றாள். சோற்றைப் பிசைந்தாள். “காத்து வருது. அல்லாரும் வந்து பார்த்தாங்கோ.” ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு மென்றாள்.

“யாரும் ஹார்ன் அடிக்கல.”